பஸ் ஓட்டுபவனுக்கு ஏது அடுப்பு

புருஷனுக்குக் கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டரே எழுதிக் கொடுத்த பிறகும் ஒருத்தி நிம்மதியில்லாமல் அலைவாளா? தொமாய் அலைந்தாள். ஒன்பது நாளாக அந்தக் காகிதம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாயோஸ் பலியூராஸ், வயது அறுபத்து மூன்று, இரண்டு கண்களிலும் நோய் எதுவும் இல்லை. பால் எடுக்கப் போனாலும் படித்தாள், பாலாடைக்கட்டி எடுக்கப் போனாலும் படித்தாள். படித்துவிட்டுத் திரும்பினால், வாயோஸ் வலது கைப் பக்கம் இருந்த ஆலிவ் எண்ணெய்ப் புட்டியைத் தட்டிவிட்டிருப்பான்.

"யாரு இதைக் கொண்டுவந்து இங்க வெச்சது?" என்பான்.

இருபத்தெட்டு வருஷமாக அந்தப் புட்டி அங்கேதான் இருக்கிறது.

புட்டி போனால் போகிறது, துடைத்துவிடலாம். ஆனால் வாயோஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். மூன்று கிராமத்துப் பிள்ளைகளை, மொத்தம் பத்தொன்பது பேரை, காலையில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய் மதியம் திருப்பிக் கொண்டுவருவான். போன வாரம் மாதா கோயில் வாசல் தூணில் பஸ்ஸின் வலப்பக்கக் கண்ணாடியை உரசி உடைத்தான். இருநூறு வருஷத்துத் தூண் அன்றைக்குத்தான் எழுந்து நடந்து வந்து பஸ்ஸில் மோதியது மாதிரி பேசினான். தொமாய் பிறகு ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தாள். நோய் எதுவும் இல்லை. சரி, நமக்குத்தான் பைத்தியம் என்று மனதைத் தட்டிக் கொடுத்துக்கொண்டாள். மனது அடங்கினால்தானே.

அவள் பயந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வாயோஸின் அப்பா தனாசிஸ் எழுபது வயதில் முழுக் குருடானார். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போயிற்று, கிளாக்கோமா என்றார்கள். வலி இல்லை, சிவப்பு இல்லை, ஒரு சத்தமும் இல்லை. ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்து நடுவில் முடித்துவிட்டது. கடைசி எட்டு வருஷம் அவருக்குச் சாப்பாடு ஊட்டியது தொமாய்தான். அப்படிப்பட்ட மனிதரின் மகனைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக ஆறு வருஷம் தலைகீழாக நின்று பார்த்தாள். அவன் அரை கிலோமீட்டர் தள்ளிப் போகும் டிராக்டரின் எண்ணைச் சத்தமாகப் படித்துக் காட்டுவான்.

"பார்த்தியா? கழுகுக் கண்ணு. ஆளை விடு."

லைசென்ஸ் புதுப்பிக்கப் போனாலும் இதே கதைதான். எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் மளமளவென்று படித்துவிடுவான். முத்திரை குத்திக் கொடுத்துவிடுவார்கள்.

செப்டம்பரில் தெஸலோனிகி நகரத்திலிருந்து கண் ஆய்வுக்காரர்கள் வந்து இறங்கியபோது தொமாய் தெய்வமே அனுப்பியதாக நினைத்தாள். கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பஞ்சுக் கிடங்கை வெள்ளையடித்து, திரை கட்டி, கருவிகளை வரிசையாக வைத்தார்கள். சமவெளியில் ஒன்பது கிராமம், அறுபது வயது தாண்டியவர்களில் குலுக்கல் போட்டுத் தொள்ளாயிரம் பேர். யாருக்கு என்ன கண் நோய், ஏன் வந்தது, புகையா, சர்க்கரையா, வெயிலா, அப்பன் பாட்டன் சொத்தா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. சுகாதார நிலையத்தில் இருபது வருஷம் உதவியாளராக இருந்த தொமாயை வீடு வீடாகப் போய் ஆளைச் சேர்க்க வைத்துக்கொண்டார்கள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு ஆள் கடிப்பார் என்பதெல்லாம் அவளுக்குத்தானே தெரியும்.

முந்நூறு கதவைத் தட்டியிருப்பாள். முந்நூறு கதவிலும் ஒரே பேச்சுதான்.

"குலுக்கல்ல யார் பேர் வந்துச்சோ அவங்கதான் வரணும். உங்களுக்குப் பதிலா பக்கத்து வீட்டு அம்மா வந்தா கணக்கே நாறிப்போயிடும். வர விருப்பமில்லையா, வேண்டாம்னு சொல்லுங்க, எழுதிக்கறேன். ஆளை மட்டும் மாத்தாதீங்க."

"லைசென்ஸ் ஆபீஸுக்குச் சொல்லிக் குடுத்துடுவீங்க."

"மாட்டோம். பேரே போகாது, வெறும் எண்ணுதான் போகும்."

ஒருத்தரும் நம்பவில்லை. ஆனாலும் வந்தார்கள், தொமாயின் வாய்க்குப் பயந்து.

அந்தக் குலுக்கலில் வாயோஸ் பலியூராஸ் பெயர் வந்தபோது அவள் பஞ்சுக் கிடங்கிலேயே சிலுவை போட்டுக்கொண்டு ஒரு குதி குதித்தாள். நானூற்றுப் பன்னிரண்டாம் எண். ஐம்பத்தாறு வயதில் குதிக்கிற குதியா அது! வாயோஸ் ஒரு வாரம் முனகினான், பிறகு திடீரென்று சரி என்றான். அவ்வளவு சுலபமாகச் சரி சொல்கிற ஜென்மமா என்று அன்றைக்கே அவள் யோசித்திருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை டிரிப் முடித்துப் போனான். தொமாய் அன்றைக்கு வேறு கிராமத்தில் கதவு தட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்தால் காகிதம் ஃப்ரிட்ஜ் கதவில்.

விஷயம் வெடித்தது அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையில். மறுநாள் மதியம் கிடங்கைக் காலி செய்துகொண்டு ஆய்வுக்காரர்கள் கிளம்பவேண்டும். விடுபட்ட பதில்களை நிரப்ப ஆளுக்குக் கொஞ்சம் படிவம் கொடுத்தார்கள். படிவங்களைச் சரிபார்க்கிற இஸ்மினி என்ற பெண், இருபத்தாறு வயசு இருக்கும், சிரித்துக்கொண்டே ஒரு படிவத்தை நீட்டினாள்.

"தொமாய், இது உங்க வீட்டுக்காரரோடது. இதைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு தாங்கல. தொழில் பஸ் ஓட்டுநர்னு இருக்கு. கீழ பாருங்க, உலை வெப்பத்துக்கு முன்னாடி நின்ன காலம், நாப்பத்தொரு வருஷம். அவர் பஸ்ஸை ஓட்டறாரா, அடுப்பில வெச்சு வேக வைக்கிறாரா?"

தொமாய் படிவத்தை வாங்கிப் படித்தாள். சூடு கண்புரையைச் சீக்கிரம் கொண்டுவரும் என்பதால் கேட்கிற கேள்வி அது. புகை: ஒருபோதும் இல்லை. வாயோஸ் நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதுகிறவன். தாய்க்குச் சர்க்கரை நோய்: உண்டு. அவள் மாமியாருக்குச் சர்க்கரையே கிடையாது. தந்தைக்குக் கண் நோய்: இல்லை, எண்பத்தொன்பது வயதில் கண்ணாடி இல்லாமல் பத்திரிகை படித்தார்.

கடைசி வரியை இரண்டாம் தடவை படித்தாள். கண்ணாடி இல்லாமல் பத்திரிகை படித்த கிழவர் இந்த ஊரில் ஒருத்தர்தான். அவர் தனாசிஸின் தம்பி, கிறிஸ்தோஸ் சித்தப்பா.

"எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்க போல" என்றாள். "நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

கிளம்பினாள் பாருங்கள், அப்படி ஒரு வேகம். மேல்கோட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

தாத்தாவின் பெயரைத் தலைமகனுக்கு வைப்பது இங்கே வழக்கம். தாத்தா வாயோஸுக்கு இரண்டு மகன்கள். தனாசிஸ் தன் மூத்தவனுக்கு வாயோஸ் என்று வைத்தார், கிறிஸ்தோஸும் தன் மூத்தவனுக்கு வாயோஸ் என்று வைத்தார். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஊர் தன் சௌகரியத்துக்கு ஒருத்தனைப் பஸ் வாயோஸ் என்றும் இன்னொருத்தனை ரொட்டி வாயோஸ் என்றும் கூப்பிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. ஊர்க்காரர்களுக்குக் குழப்பமே இல்லை. தெஸலோனிகிக்காரர்களுக்கு எப்படித் தெரியும்?

ரொட்டிக்கடை வாசலில் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. அறுவடைக் காலம், லாரி போன பாதையெல்லாம் வெள்ளை. ரொட்டி வாயோஸ் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வாயோஸ், நாப்பத்தொரு வருஷம் அடுப்பு முன்னாடி நின்னா கால் வீங்குமா?"

"அதை ஏன் கேக்கறே தொமாய், ரெண்டு காலும் பூசணிக்கா. அன்னைக்குக் கிடங்குல அந்தப் பொண்ணுகிட்டகூடச் சொன்னேன்..." பாதியில் அவள் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தான். வாய் மூடிக்கொண்டது. கையிலிருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு முறை சுற்றினான்.

"சொல்லு. அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னே?"

"மாதாவே, காப்பாத்து."

"மாதாவை அப்புறம் கூப்பிடு. முதல்ல எனக்குப் பதில் சொல்லு. அவன் இடத்தில நீயா போனே?"

"பொய் ஒண்ணும் சொல்லலை, தொமாய். 'வாயோஸ் பலியூராஸ்?'னு கூப்பிட்டாங்க. எழுந்து போனேன். நான் வேற யாரு?"

"அடையாள அட்டை?"

"அவனோடதைக் குடுத்தான். அதில அவன் முப்பத்தஞ்சு வயசுல இருக்கான், தலை நிறைய முடியோட. அந்த முகத்துக்கு இப்ப அவனும் இல்ல, நானும் இல்ல. அந்தப் பொண்ணு மூக்கைப் பார்த்துச்சு, சரின்னுடுச்சு."

"அவ்வளவு தூரம் போனவன் கேள்விக்கெல்லாம் அவனை மாதிரிப் பதில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"தொழில் மட்டும் பஸ்ஸுன்னு சொல்லச் சொல்லியிருந்தான், சொன்னேன். மத்ததை அவன் சொல்லிக்குடுக்கல. அப்பாவைப் பத்திக் கேட்டாங்க. செத்துப்போன மனுஷனைப் பத்திப் பொய் சொல்லச் சொல்றியா? கடைசி நாள் வரைக்கும் விளையாட்டுப் பக்கம் படிச்சார்."

அவளுக்கு அழுகையும் வந்தது, அவனைத் தட்டாலேயே ஒன்று போடலாமா என்றும் இருந்தது. அடுப்பு வெக்கையில் நிற்க முடியாமல் வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.

"அவன் கண்ணுல என்ன? உனக்குத் தெரியும். உன்கிட்ட சொல்லியிருப்பான்."

ரொட்டி வாயோஸ் மாவுக் கையை ஏப்ரனில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஜூன் மாசம் ஒரு நாயை அடிச்சுட்டான். ஆட்டுக்கார ஸ்டெர்யோஸோட நாய். நல்ல பட்டப்பகல், நேர் ரோடு. கதவுப் பக்கமா வந்திருக்கு. அவன் பார்க்கவே இல்லை. சக்கரம் ஏறின சத்தம் கேட்டப்புறம்தான் நிறுத்தினான். காலி பஸ், நல்ல வேளை. யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை. அதனாலதான் போனேன், தொமாய். பிடிக்காட்டி என்னைத் திட்டிக்கோ."

திட்டக்கூடத் தோன்றவில்லை. இங்கே ரோட்டின் வலது ஓரமாகத்தான் வண்டி ஓடும், பஸ் கதவும் வலப்பக்கம். பிள்ளைகள் வலப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்குகிறார்கள். அடுத்தது நாயாக இருக்காது. இதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு மதியம் இரண்டரைக்கு வாயோஸ் வீடு திரும்பி, பஸ்ஸை வாசலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். பீன்ஸ் சூப் வைத்திருந்தாள். அவனுக்குப் பிடிக்கும் என்பதற்காக அல்ல, அடுப்பில் எதையாவது கிளறிக்கொண்டே இருக்கவேண்டும் போல் இருந்ததால். படிவத்தைத் தட்டுக்குப் பக்கத்தில், அவனுடைய வலது கைப் பக்கத்தில் வைத்தாள். அவன் ரொட்டியைப் பிட்டான், சூப்பைக் குடித்தான், காரம் போதாது என்றான். பாதிச் சாப்பாடு வரைக்கும் காகிதம் அங்கே இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விரலால் அதை நடுவுக்குத் தள்ளினாள்.

அவன் படித்தான். அடுப்பு, சர்க்கரை, பத்திரிகை எல்லாவற்றையும்.

"அந்த ரொட்டிக்காரன் வாய்க்குப் பூட்டே கிடையாது" என்றான்.

"அவனை விடு. உனக்கு வலப்பக்கம் தெரியுதா?"

"தெரியுது."

"நாயைப் பார்த்தியா?"

கரண்டி நின்றது. "நாய் ஓடிவந்துச்சு. யாருக்கும்தான் தெரிஞ்சிருக்காது."

"புட்டி ஓடிவருதா? தூண் ஓடிவருதா? நீ யார் காதுல பூ சுத்தறே, வாயோஸ்?"

"இதோ பாரு." அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்குப் போனான். "எதிர்ல அந்தப் பஞ்சு லாரி. நம்பர் சொல்லட்டுமா? பின்னாடி எழுதியிருக்கிற பேர் சொல்லட்டுமா? குருடன் சொல்வானா இதை? எங்கப்பாவை எனக்குத் தெரியாதா? அவருக்குப் புகை மாதிரி தெரிஞ்சதாம். எனக்கு எல்லாம் தண்ணி மாதிரி தெளிவா இருக்கு. என் கண்ணை எனக்குத் தெரியாதா?"

"அப்போ நீயே போய்ப் பரிசோதனை பண்ணிக்கிட்டு வந்திருக்கலாமே. எதுக்கு இன்னொருத்தனை அனுப்பினே?"

அவன் திரும்பவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்.

"ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு தொமாய். ரெண்டே ரெண்டு பள்ளிக்கூட வருஷம். அதுக்கப்புறம் என் கண்ணைத் தோண்டியெடுத்துக் குடுக்கறேன். இப்ப பஸ்ஸை வாங்கிட்டாங்கன்னா நான் என்ன பண்ணுவேன்? காபிக் கடையில உக்காந்து சீட்டாடறவனுக்குப் பின்னாடி நிக்கவா?"

"நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட சொல்லப்போறேன்."

"சொல்லு. முந்நூறு வீட்டுல ஆளை மாத்தாதேன்னு பாடம் எடுத்தியே, உன் வீட்டுலயே மாத்தியிருக்குன்னு சொல்லு. உன் படிவம் ஒண்ணைக்கூட இனிமே நம்ப மாட்டாங்க. உன் பேரும் சேர்ந்து நாறும்."

அது அவளுக்கும் தெரியும். ரொட்டிக்கடையிலிருந்து வரும்போதே தெரியும். வாயை மூடிக்கொண்டு "கேட்டேன், எழுதினவர் தப்பு" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் நாளை மதியம் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை கதவுப் பக்கத்தில் நிற்கும் பத்தொன்பது பிள்ளைகளுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அவன் பஸ்ஸைக் கிளப்பியபோது தொமாய் உள்ளே ஏறி அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவன் இறங்கச் சொன்னான். அவள் காது கேட்காதவள்போல ஜன்னலைப் பார்த்தாள். முதல் நிறுத்தத்தில் ஏழு பிள்ளைகள், "காலை வணக்கம் வாயோஸ் மாமா" என்று கத்திக்கொண்டே ஏறினார்கள்.

"வலப்பக்கம் சைக்கிள்!"

"தெரியுது."

"வலப்பக்கம் கிழவி!"

"தெரியுதுங்கறேன்ல!"

"நீ திரும்பவே இல்லையே!"

"பிள்ளைங்க முன்னாடி மானத்தை வாங்காதே, தொமாய். இருபத்தாறு வருஷமா இந்த ரோட்டுல ஓட்டறேன்."

உண்மைதான், ரோடு அவனுக்கு மனப்பாடம். எங்கே பள்ளம், எங்கே வளைவு, எங்கே ஸ்டெர்யோஸின் ஆடுகள் குறுக்கே வரும், எல்லாம் தெரியும். இதுவரை காப்பாற்றியது கண் அல்ல, மனப்பாடம். தொமாய் சீட்டின் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கடைசிப் பிள்ளை இறங்கியபோதுதான் மூச்சு விட்டாள். முதல் வேலையாக அவன் தோளைத் தட்டினாள்.

"ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா?"

"என்ன பந்தயம்?"

"கிடங்குல ஒரு கருவி இருக்கு. வெள்ளைக் கிண்ணம் மாதிரி. உள்ள பார்த்துக்கிட்டே இருக்கணும், அங்கங்க வெளிச்சம் மின்னும், பார்த்தவுடனே பொத்தானை அழுத்தணும். அவ்வளவுதான். சொட்டு மருந்துகூடக் கிடையாது. நீ ஒண்ணுகூட விடாம அழுத்திட்டேன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். சாகற வரைக்கும் உன் கண்ணைப் பத்திப் பேச மாட்டேன்."

"சாகற வரைக்கும்?"

"மாதா மேல சத்தியம்."

ஆறு வருஷ நச்சரிப்பிலிருந்து விடுதலை. அவன் பஸ்ஸை நேராகப் பஞ்சுக் கிடங்குக்கு விட்டான்.

பாதித் திரைகளைக் கழற்றியிருந்தார்கள். தலைமை டாக்டர் ஹாரிக்லியா, குட்டையான, நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டிக்கொண்ட அம்மாள், பெட்டிகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். தொமாய் அவரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். சொல்லும்போது கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. டாக்டர் பேனாவை மூடினார்.

"உங்க வீட்டுலயேவா, தொமாய்?"

"எங்க வீட்டுலயேதான், டாக்டர்."

"உங்க முந்நூறு படிவத்தையும் திரும்பச் சரிபார்க்கணும். தெரியுமா?"

"தெரியும். பாருங்க. ஆனா இப்ப அவனைப் பாருங்க. பன்னெண்டு மணிக்கு நீங்க கிளம்பிடுவீங்க, ஒண்ணேகாலுக்குப் பள்ளிக்கூடம் விடுது."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "அந்தக் கிண்ணத்தைப் பெட்டியில போடாதீங்க" என்று கத்தினார்.

முதலில் இஸ்மினி கேள்வி கேட்க உட்கார்ந்தாள். ஆய்வு என்றால் வரிசைப்படிதான் நடக்கவேண்டுமாம். புகை? நாளைக்கு நாற்பது. எத்தனை வருஷம்? நாற்பத்தைந்து. தாய்க்குச் சர்க்கரை? இல்லை. அடுப்பு? இல்லை. இந்தத் தடவை இஸ்மினி சிரிக்கவில்லை.

"தந்தைக்குக் கண் நோய்?"

வாயோஸ் கூரையைப் பார்த்தான். "எழுதிக்கோ" என்றான். "இருந்துச்சு. எழுபது வயசுல ரெண்டும் போச்சு."

அப்பாவுக்குக் கண் போயிற்று என்று அவன் வாயிலிருந்து தொமாய் கேட்டது அன்றைக்குத்தான். இத்தனை வருஷம் "அப்பாவுக்கு வயசாயிடுச்சு" என்றுதான் சொல்வான்.

கண்ணில் காற்று ஊதி அழுத்தம் பார்த்தார்கள். விளக்கு வைத்துக் கண்மணியைப் பார்த்தார்கள். பிறகு ஒரு கண்ணை மூடி, கிண்ணத்துக்கு முன்னால் தாடையை வைக்கச் சொன்னார்கள். தொமாய் திரைக்கு வெளியே நின்றாள். பொத்தான் சத்தம் கேட்டது. டிக், டிக். பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை. டிக். மறுபடி எதுவும் இல்லை. ஏழு நிமிஷம் ஒரு கண்ணுக்கு. அவள் கிடங்கின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். சத்தம் வராத நேரத்தில் அவளுக்கே போய் அழுத்திவிடலாம் போலிருந்தது. இன்னொரு கண், இன்னொரு ஏழு நிமிஷம்.

வாயோஸ் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒண்ணு விடலை! மின்னினது அத்தனையும் அழுத்தினேன். கேட்டுக்கோ. நடுவுல அவங்களே கொஞ்ச நேரம் நிறுத்தி நிறுத்தி வெச்சாங்க, என்னை ஏமாத்தப் பார்த்தாங்க. நான் ஏமாறலை. சத்தியம் ஞாபகம் இருக்கில்ல?"

தொமாய் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கையில் இரண்டு தாள் இருந்தது.

"உக்காருங்க, திரு பலியூராஸ்" என்றார். "நாங்க நிறுத்தவே இல்லை. வெளிச்சம் மின்னிக்கிட்டேதான் இருந்துச்சு."

தாளை மேசை நடுவில் வைத்தார். வலது கண்ணின் வட்டம் முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு பட்டாணி அளவுக்கு மட்டும் வெள்ளை. இடது கண்ணில் பெரும்பகுதி வெள்ளை, வலப்புறம் மட்டும் கறுத்திருந்தது.

"இந்தப் பட்டாணி இருக்கு பாருங்க, அதை வெச்சுத்தான் எழுத்து அட்டையும் லாரி நம்பரும் படிக்கிறீங்க. கறுப்பு உங்களுக்குக் கறுப்பாத் தெரியாது. ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். மூளை பக்கத்துல இருக்கிறதை இழுத்துப் போர்த்தி மறைச்சுடும். கண்மணி ஓரத்துல வெள்ளையாத் தூள் படிஞ்சிருக்கு, பொடுகு மாதிரி. இந்தச் சமவெளியில நிறையப் பேருக்கு இருக்கு, அதைத்தான் நாங்க எண்ணிக்கிட்டிருக்கோம். கண்ணுல அழுத்தம் முப்பத்தெட்டு, இருபத்தொண்ணைத் தாண்டக் கூடாது. போனது திரும்பாது. இடது கண்ணைக் காப்பாத்தலாம், திங்கக்கிழமையே ஆஸ்பத்திரிக்கு வந்தா."

"வண்டி ஓட்டறது?"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது, எங்க விதி அப்படி. சொல்றதா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

தொமாய் மேசை மேலிருந்த பஸ் சாவியைப் பார்த்தாள். இவ்வளவு செய்தும் முடிவு மறுபடி அவன் கைக்கே போய்விட்டது. அவன் எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு நடந்தால் யார் தடுப்பார்கள்? தானே போய் பஸ் சக்கரத்துக்கு முன்னால் படுத்துக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டாள்.

வாயோஸ் தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தான். மெல்ல வலப்பக்கம் நகர்த்தினான். கொஞ்ச தூரத்திலேயே தாள் அவனுக்கு மறைந்திருக்கவேண்டும், கை நின்றுவிட்டது. திரும்பி நடுவுக்குக் கொண்டுவந்தான், மறுபடி நகர்த்தினான். அப்படி நாலைந்து தடவை.

"அர்கிரோன்னு ஒரு பொண்ணு ஏறும்" என்றான். யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை. "கடைசி நிறுத்தத்துல. ரெண்டாங் கிளாஸ். வாயே திறக்காது. மத்ததெல்லாம் காலை வணக்கம், காலை வணக்கம்னு கத்திக்கிட்டு ஏறும், நான் எண்ணிக்குவேன். இது மட்டும் கத்தாது. தினமும் திரும்பி, அர்கிரோ ஏறிட்டாளான்னு பிள்ளைங்களைக் கேப்பேன். அதுங்க சிரிக்கும். 'உங்க பக்கத்துலதானே நிக்கறா வாயோஸ் மாமா'ன்னு சொல்லும். குட்டியா இருக்கா, அதனாலதான் தெரியலைன்னு நினைச்சுக்கிட்டேன்."

தாளை மடித்து மேசையில் வைத்தான்.

"மத்த பிள்ளைங்களையும் நான் பார்க்கலை, தொமாய். சத்தத்தைத்தான் எண்ணியிருக்கேன்."

தொமாய் அழுதுவிட்டாள். அவன் அழவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, நகராட்சி அலுவலகத்துக்குப் போட்டான். எடுத்த பெண்ணிடம் தன் பெயரைச் சொன்னான், தனாசிஸ் மகன் என்றான், இன்றைக்கு மதியத்திலிருந்து வேறு ஓட்டுநர் வேண்டும் என்றான். அந்தப் பெண் உடம்புக்கு என்ன என்று கேட்டிருக்கவேண்டும்.

"கண்ணு தெரியலை" என்றான். "ஆமா, எனக்குத்தான். விளையாட்டு இல்லைம்மா. ஒண்ணேகாலுக்கு மணி அடிக்கும், அதுக்குள்ள ஆள் வந்தாகணும். வரவன்கிட்ட ஒண்ணு சொல்லிடு. எழுதிக்கோ. அர்கிரோன்னு ஒரு பொண்ணு. சத்தம் போடாது. அது ஏறினதைக் கண்ணால பார்த்துட்டுக் கதவை மூடச் சொல்லு."